எர்த் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் பழைய கம்பெனிப் பையன்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பையன்கள் என்று நான்தான் சொல்கிறேன். அவர்களுக்கே மூட்டுவலி வந்தாகிவிட்டது. போன வாரம் அதில் ஒருவன், அந்தக் காலத்து மோடம் லைன் பிடிக்கும்போது போடுமே ஒரு கீச்சுக் கூச்சல், அதை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டிருந்தான். உடனே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை. "அண்ணே, நீங்கதான் மோடம் ஸ்பெஷலிஸ்ட். நல்ல காமெடியா ஒண்ணு எழுதிப் போடுங்க" என்று ஒரே தொல்லை. அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதைக் கேட்டால் எனக்குக் கரையான்சாவடியும் ஸ்டெல்லாவும்தான் ஞாபகம் வரும். காமெடி வராது. கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். சிரிப்பு வராவிட்டால் என்னைத் திட்டக் கூடாது.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆவடியில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சால்டரிங் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பராமரிப்புக் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் தூசி தட்டினேன், பெட்டி தூக்கினேன், ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே பயந்து பயந்து நடந்தேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். மீதியெல்லாம் பத்மா மேடம்.

மேடம்தான் எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைமை. அன்றைக்கு ஒரு பொம்பளை ஸ்க்ரூடிரைவர் பையோடு வந்து இறங்கினால் கேட்டிலேயே வாட்ச்மேன் மறிப்பான். "இன்ஜினியர் எங்கம்மா?" என்பான். "பின்னாடி வர்றாரு" என்று என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். உள்ளே போனதும் பெட்டியைத் திறக்க மாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மெஷினில் தினமும் வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். எப்போதிலிருந்து, என்ன சத்தம், என்ன வாசனை. பிறகு எழுந்து கம்ப்யூட்டரின் தகர உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால், கரண்ட் இருந்தால் கை தானாகவே மூடிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும். வேலை முடிகிற வரை காபி குடிக்க மாட்டார். ஆறி ஏடு கட்டிய காபியைத்தான் அந்த அம்மா ஆயுள் முழுக்கக் குடித்தார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. "யாரு பண்ணாங்கன்னு கேக்காத. எது பண்ணுச்சுன்னு கேளு. யாருன்னு கேக்க வேற ஆளுங்க இருக்காங்க" என்பது ஒன்று. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்" என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது சட்டத்தை ஆவடியில் ஒரு ஆபீசில் வைத்து என் மண்டையில் ஏற்றினார். அங்கே மோடம் நன்றாகப் பேசிக்கொண்டே இருக்கும், மவுஸை அசைத்தால் லைன் அறுந்துவிடும். நான் கேபிளையும் மாற்றினேன், உள்ளே கார்டையும் மாற்றினேன், கார்டின் ஊசிகளில் மாட்டியிருக்கும் ஜம்பர் என்கிற சின்னத் துண்டையும் நகர்த்திப் போட்டேன். சரியாகிவிட்டது. மார் தட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"எது சரி பண்ணுச்சு?" என்றார் மேடம்.

"எல்லாம்தான் மேடம்."

"எல்லாமுன்னா ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம். பழையபடி மாட்டு."

பழையபடி மாட்டி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கேபிளில் குற்றமில்லை. கார்டில் குற்றமில்லை. காம் போர்ட் என்றால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒயர் சொருகுகிற வாய்; மவுஸ் மாட்டிய காம் போர்ட்டும் மோடம் இருந்த காம் போர்ட்டும் உள்ளே ஒரே மணியை அடித்துக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம், ஒரே காலிங்பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜம்பரை மட்டும் நகர்த்தினால் போதும். அன்றைக்கு எனக்கு எரிச்சலான எரிச்சல். சரியானது சரியாகிவிட்டது, எதனால் ஆனால் என்ன என்று முணுமுணுத்தேன். எதனால் என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குக் கரையான்சாவடியில்தான் புரிந்தது.

கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் கம்பெனி. வண்டிகளுக்கு வேண்டிய ரப்பர் வளையம், புஷ் எல்லாம் அங்கே அச்சு வார்ப்பார்கள். வடக்கே ஒரு பெரிய வண்டிக் கம்பெனிதான் அவர்களுக்குச் சோறு போட்டது. அந்தப் பெரிய கம்பெனி திடீரென்று, இனிமேல் என்றைக்கு எத்தனை உருப்படி வேண்டும் என்பதை மோடம் வழியாகத்தான் அனுப்புவோம், தினமும் காலையில் போன் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. முதலாளி அலறியடித்துக்கொண்டு ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு மோடமும் வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி, முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்கு. பின்னாலிருந்து ஒரு தடித்த கேபிள் கம்ப்யூட்டரின் காம் போர்ட்டுக்குப் போகும், இன்னொரு ஒயர் டெலிபோனுக்குப் போகும்.

அதை ஓட்ட ஒரு பெண்ணை எடுத்தார்கள். அவள்தான் ஸ்டெல்லா. பூந்தமல்லிப் பெண். பி.காம். படித்துவிட்டு டைப்பும் கம்ப்யூட்டரும் பழகியவள். அப்பாவுக்கு பிரஸ் மெஷினில் கை போய், வீட்டோடு இருந்தார். தம்பி பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டில் காலையில் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டு கிளம்புகிற ஒரே ஆள் அவள்தான். வேலையில் கெட்டிக்காரி. லைன் பிடித்ததும் முகம் மலர்ந்து, "புடிச்சுக்கிச்சுண்ணா!" என்பாள், ஏதோ மீன் பிடித்த மாதிரி.

அந்த வருடக் கோடையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் வாளி விட்டால் சேறுதான் வரும். கம்பெனிகள் லாரியில் தண்ணீர் வாங்கின. அந்தக் கோடையில்தான் ரப்பர் கம்பெனியின் காம் போர்ட் செத்தது.

போனேன். எங்கள் பையில் எப்போதும் ஒரு சின்ன பிளக் இருக்கும். இரண்டாவது ஊசியையும் மூன்றாவது ஊசியையும் சேர்த்துப் பற்றவைத்தது. அதை போர்ட்டில் சொருகிவிட்டு ஒரு எழுத்தைத் தட்டினால், அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். தெரிந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது. தட்டினேன். ஒன்றும் வரவில்லை. கார்டில் போர்ட்டுக்கு என்று இருக்கும் சின்ன சிப் இரண்டும் கருகியிருந்தன. மாற்றிக் கொடுத்தேன். சில வாரத்தில் மறுபடியும் போனது. மாற்றினேன். கேபிளையும் தனியாகச் சோதித்தேன், நல்ல கேபிள். மூன்றாவது முறையும் போனபோது முதலாளி எங்கள் ஆபீசுக்கே போன் போட்டுக் கத்தினார்.

அவர் கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. போர்ட் செத்த நாட்களில் உருப்படிக் கணக்கு வரவில்லை. சரக்கு தப்பாகப் போயிற்று. ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வடக்கேயிருந்து மிரட்டல். நாற்பது பேர் வேலை செய்கிற இடம். அவருக்குத் தூக்கம் இல்லை. தூக்கம் கெட்ட மனுஷனுக்கு ஒரு 'யார்' வேண்டியிருந்தது. லைன் கிடைக்காதபோது ஸ்டெல்லா கேபிளைக் கழற்றித் திரும்ப மாட்டுவதை ஒரு நாள் பார்த்துவிட்டார். ஊரில் மோடம் வைத்திருந்த எல்லாரும் அதைத்தான் செய்தார்கள், நானும் செய்வேன். அவர் பிடித்துக்கொண்டார்: அவள்தான் புடுங்கிப் புடுங்கி எரிக்கிறாள். இன்னொரு முறை போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லியும்விட்டார்.

இந்த முறை மேடமும் வந்தார். வழக்கம்போல ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அழுது முடித்த முகம். மேடம் எழுந்து புறங்கையால் பெட்டியைத் தொட்டார். சடாரென்று கையை உதறினார்.

"எப்பலேர்ந்து இப்படி அடிக்குது?"

"இந்த வெயில் காலம் வந்ததுலேர்ந்து மேடம். லேசாத்தான் சுர்ருங்கும். மெஷின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

மேடம் என்னைப் பார்த்தார். மீட்டரை எடுத்து பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தேன். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடத்தில் அறுபதைத் தாண்டியது. தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து ஷெட்டில் பெரிய பெரிய மெஷின்கள். அவற்றிலிருந்து கசிகிற கரண்ட் எல்லாம் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் வேலை செய்யவில்லை என்றால் அது வேறு வழி தேடும். கம்ப்யூட்டர் உடம்பில் ஏறி, காம் போர்ட் வழியாக மோடத்துக்குப் போய், டெலிபோன் ஒயரில் இறங்கியிருக்கிறது. போகிற வழியில் இருந்த சிப்புகளைப் பொசுக்கிவிட்டுப் போயிருக்கிறது.

"எர்த் குழி எங்க இருக்கு?" என்றார் மேடம்.

ஸ்டெல்லாவின் ஜன்னலுக்கு நேர் கீழேதான் இருந்தது. அவளே கூட வந்து காட்டினாள். சிமெண்ட் மூடியைத் தூக்கினேன். எர்த் குழி என்றால் தெரியுமில்லையா, பள்ளம் தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி மூடியிருப்பார்கள். அது ஈரமாக இருந்தால்தான் கரண்டை மண் வாங்கும். அதனால் கோடையில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தக் குழியில் சொட்டு ஈரம் இல்லை. மண் சுருங்கிக் குழாயைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. பல மாதமாகத் தண்ணீர் பார்க்காத மண்.

மூடி தூக்கிய சத்தம் கேட்டு, கூட்டிப் பெருக்கும் கன்னியம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தது. குத்தம்பாக்கம் பக்கம் வயல் வேலை செய்த குடும்பம். வேலை செத்துப்போய் இங்கே வந்து, கம்பெனிக்குப் பின்னால் குடிசை போட்டிருந்தார்கள். குழியைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டது.

"எம்மா, மொதலாளியாண்ட சொல்லிடாதம்மா. தெனம் ரெண்டு பக்கெட்டு குழிக்கு ஊத்துன்னு அவருதான் சொன்னாரு. நான் ஊட்டுக்கு எத்துகினு போய்ட்டேன்."

மேடம் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்காண்ட பைப்புல தண்ணி வந்து எம்மா நாளாச்சு தெரியுமா? லாரிக்காரன் எங்க சந்துக்குள்ள வரமாட்டேன்றான். மூணு புள்ளைங்க கீது. சின்னதுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு, ராப்பகலா அய்வுது. மண்ணு குடிக்கிற தண்ணிய எம்புள்ளைங்க குடிச்சா தப்பா? நீயே சொல்லு. அந்த மிசினு அதுனால எரியும்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?"

ஸ்டெல்லா சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் இரண்டு பக்கெட் குழிப் பக்கம் வருவதும், குழியைத் தாண்டி வேலி இடுக்கு வழியாக வெளியே போவதும். தன் போர்ட் எரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எதுன்னு தெரிஞ்சாச்சு. நமக்கு அது போதும்" என்றார் மேடம். கன்னியம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு முதலாளி அறைக்கு நடந்தார்.

அங்கே மேடம் அளந்து அளந்து பேசினார். எர்த் போய்விட்டது, கோடைக்கு மண் காய்ந்துவிட்டது, புதிதாக ஆழமாக ஒரு குழி எடுங்கள், போர்ட் இனிமேல் போகாது. அந்தப் பெண் மேல் தப்பே இல்லை. முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எப்படிங்க காயும்? காசு குடுத்து வாங்குற தண்ணில தெனம் ரெண்டு பக்கெட் ஊத்தச் சொல்லியிருக்கேனே."

"இந்த வெயிலுக்கு அது பத்தாது சார்."

"பத்தலையா, ஊத்தவே இல்லையா?" வாசலில் நின்றிருந்த ஸ்டெல்லாவை உள்ளே கூப்பிட்டார். "ஒன் ஜன்னலுக்குக் கீழதானே குழி இருக்கு? கன்னியம்மா தண்ணி ஊத்துதா இல்லையா? பாத்ததச் சொல்லு."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் தப்பித்துவிடுவாள். வெளியே துடைப்பச் சத்தம் நின்றிருந்தது.

"ஊத்துறாங்க சார்" என்றாள் ஸ்டெல்லா. "தெனமும் ஊத்துறாங்க. நான் பாத்திருக்கேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "கேட்டுக்கிட்டீங்களா மேடம்? குழியில ஒரு கொறையும் இல்ல. அப்ப எது எரிக்குது? இவ கைதான் எரிக்குது. சரி, நீங்க சொல்றீங்க, ஒங்க பேச்சையும் தட்டல. புதுக் குழியும் வெட்டிடறேன். இந்தப் பொண்ணும் வேணாம். ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம்."

மேடம் எழுந்து நின்றுவிட்டார். யாரிடமும் கெஞ்சாத அந்த அம்மா கெஞ்சியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சார், ரெண்டையும் ஒண்ணா மாத்தாதீங்க. மொதல்ல குழிய வெட்டுங்க. அந்தப் பொண்ணு இருக்கட்டும். அப்புறமும் போர்ட் போச்சுன்னா அனுப்புங்க, நான் கேக்கமாட்டேன்."

"அப்புறமும் போனா என் ஆர்டர் போயிடும். நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?"

ஸ்டெல்லா டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். மேடத்துக்கு வைத்த காபி மேஜையிலேயே இருந்தது. அன்றைக்கு ஆறியதைக்கூட அவர் குடிக்கவில்லை.

புதுக் குழி வந்தது. முதலாளி சொந்தக்காரப் பையன் ஒருவன் ஸ்டெல்லாவின் நாற்காலிக்கு வந்தான். பராமரிப்புக்கு நான் போகும்போதெல்லாம் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட். பிளக்கைச் சொருகி எழுத்தைத் தட்டினால் உடனே திரும்பி வரும். முதலாளி என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா? அந்தப் பொண்ணு போனதுலேர்ந்து ஒரு பிரச்சன இல்ல." அவருடைய கணக்கில் அது நிரூபணமே ஆகிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தப் போர்ட் இன்னொரு முறை எரிந்து தொலைய மாட்டேனென்கிறதே என்று நினைத்தேன். சர்வீஸ்காரன் நினைக்கக் கூடாத நினைப்பு. ஆபீசில் போன் அடிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பெனியாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

எரியவே எரியாது. ஏனென்றால் கன்னியம்மா இப்போது ஊற்றியது. வேலை முடிகிற நேரத்தில் இரண்டு பக்கெட்டையும் சிந்தாமல் தூக்கி வந்து, குழி ஓரம் குந்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும். ஒரு நாள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"அந்தப் பொண்ணு ஊட்டாண்ட ஒரு தபா போனேன் அண்ணாத்தே. எங்காண்ட இன்னா கீது குடுக்கறதுக்கு? ஒரு கொடம் தண்ணி எத்துகினு போனேன். அதோட அம்மா வாங்கி வச்சுகினாங்க. யாரு இன்னான்னு ஒண்ணும் கேக்கல. அந்தப் பொண்ணு உள்ளதான் இருந்துச்சு. வெளிய வரல."

மேடத்திடம் ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். "மேடம், அந்த அம்மாவ ஒரு ரெண்டு மாசம் தண்ணி ஊத்த வேணாம்னு சொன்னா என்ன? போர்ட் போயிடும். அந்தப் பொண்ணு இல்லாமலே போச்சுன்னு முதலாளிக்குத் தெரியும்ல?"

"தெரியும். அப்புறம் குழியத் தொறந்து பாப்பாரு. அப்ப கன்னியம்மா போவணும்." சொல்லிவிட்டுக் கையில் இருந்த கார்டை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும். வேலப்பன்சாவடியில் ஒரு வேலை முடித்துவிட்டு ஆபீசுக்குப் பேச எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது ஸ்டெல்லா. காலேஜ் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மெலிந்திருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணா? மேடம் எப்படி இருக்காங்க?"

"இருக்கோம்மா. நீ?"

"இருக்கேன்." பில் மெஷினில் காகிதத்தைச் சரிசெய்தாள். பிறகு, ஏதோ சும்மா கேட்கிற மாதிரி, "அந்த போர்ட் அப்புறம் போச்சாண்ணா?" என்றாள்.

போயிற்று என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் ஒரு பொய் சொல்லவில்லையா? எனக்கு வாய் வரவில்லை. "இல்லம்மா. ஒரு தடவகூடப் போகல" என்றேன்.

"நான் போனப்புறம்தான் சரியாச்சுன்னு சார் சொல்லியிருப்பாரு."

நான் காலண்டரைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன்.

"கன்னியம்மாக்கா தண்ணி ஊத்துறாங்களா?"

"தெனமும் ஊத்துது. ஒரு நாள் விடாம."

"ஊத்தட்டும்ணா" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க எனக்காகப் பரிதாபப்பட்டு, ஊத்துறத நிறுத்தச் சொல்லிடாதீங்க."

கூண்டுக்குள் இருந்த பையன் பேசி முடித்து வெளியே வந்தான். ஸ்டெல்லா பில்லைக் கிழித்து அவனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளை உள்ளே போகச் சொன்னாள்.